ஈயமற்ற பற்றாசுக் கம்பி

ஈயமற்ற பற்றாசுக் கம்பி என்பது மின்னணுச் சுற்றுகளில் உறுப்புகளை மின்சுற்றுப் பலகையோடு பற்றவைக்கப் பயன்படும், காரீயம் சேர்க்கப்படாத உலோகக்கலவைக் கம்பி ஆகும். இதன் பெரும்பகுதி வெள்ளீயம். அதனுடன் செப்பு, வெள்ளி, நிக்கல், பிசுமத் போன்ற உலோகங்களுள் ஒன்றோ பலவோ சேர்க்கப்படுகின்றன. கம்பியின் நடுவே நீளவாக்கில் செல்லும் நுண்ணிய துளையில் இளக்கி எனப்படும் பிசின்பொருள் நிரப்பப்பட்டிருக்கும். கடைகளில் இளக்கியைப் பிளக்ஸ் என்றும் பற்றாசுக் கம்பியைச் சால்டரிங் ஒயர், சால்டரிங் ஈயம் என்றும் கூறுவர்.

20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை மின்னணுத் தொழிலில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசே பெரும்பாலும் வழக்கில் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006ஆம் ஆண்டிலும் இந்தியாவில் 2014ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்த விதிகள், விற்பனைக்கு வரும் பெரும்பாலான மின்னணுக் கருவிகளில் காரீயத்தின் அளவைக் கட்டுப்படுத்தின. எனினும் இவ்விதிகள் கருவிகளை உற்பத்தி செய்வோரையே கட்டுப்படுத்துகின்றன. பழுது பார்ப்போரும் மாணவரும் வாங்கும் சுருள்களில் காரீயம் கலந்தவையும் கலவாதவையும் இந்தியக் கடைகளில் அருகருகே கிடைக்கின்றன. ஆகவே எதை வாங்குவது என்பது வாங்குபவரின் முடிவாகவே உள்ளது.

பெயரில் உள்ள குழப்பம்

தமிழில் ஈயம் என்னும் சொல் இருவேறு தனிமங்களைக் குறிக்க வழங்கி வருகிறது. ஒன்று வெள்ளீயம், இதன் அணு எண் 50. மற்றொன்று காரீயம், இதன் அணு எண் 82. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுதல் என்னும்போது பூசப்பட வேண்டியது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியதே. அதில் காரீயம் கலந்திருந்தால் புளிப்பான உணவின் வழியே அது உடலுக்குள் செல்லும். பென்சிலின் உட்பகுதியையும் பேச்சு வழக்கில் காரீயம் என்பர். உண்மையில் அது கரிமத்தின் ஒரு வடிவமான கிராஃபைட்டு ஆகும்.

பற்றாசுக் கம்பியிலும் இக்குழப்பம் தொடர்கிறது. கடையில் 'ஈயம்' என்று கேட்டால் காரீயம் கலந்த கம்பியும் கிடைக்கலாம், கலவாத கம்பியும் கிடைக்கலாம். ஈயமற்ற பற்றாசு என்னும் பெயரில் விலக்கப்படுவது காரீயம் மட்டுமே. அதில் வெள்ளீயம் நிறையவே உண்டு. இக்கட்டுரையில் இனி இவ்விரு உலோகங்களும் காரீயம், வெள்ளீயம் என்றே தனித்தனியாகக் குறிக்கப்படுகின்றன.

பற்றாசு செயற்படும் விதம்

பற்றாசு என்பது பசையைப் போல இரு பொருள்களுக்கு இடையே ஒட்டிக்கொள்வது மட்டுமன்று. உருகிய வெள்ளீயம் சூடான செப்பின்மீது பரவும்போது, இரண்டும் சேரும் எல்லையில் வெள்ளீயமும் செப்பும் வினைபுரிந்து மிக மெல்லிய இடையுலோகச் சேர்மப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றன. இப்படலமே இணைப்பை நிலைநிறுத்துகிறது. உருகிய உலோகம் இவ்வாறு பரவுவதை நனைத்தல் என்பர்.

நனைத்தல் நிகழ வேண்டுமாயின் செப்பின் பரப்பு தூய்மையாக இருத்தல் வேண்டும். காற்றுபட்ட செப்பின்மீது ஆக்சைடுப் படலம் எப்போதும் இருக்கும். சூடேறும்போது அது மேலும் தடிக்கும். அதனை நீக்கி, மீண்டும் உண்டாகாமல் காப்பது இளக்கியின் வேலையாகும். எனவே ஒரு கம்பியின் தரம் அதன் உலோகத்தை மட்டுமன்றி இளக்கியையும் பொறுத்தது.

காரீயம் சேர்க்கப்பட்டதன் காரணம்

தூய வெள்ளீயம் ஏறத்தாழ 232 பாகை செல்சியசில் உருகும். தூய காரீயம் 327 பாகையில் உருகும். இவ்விரண்டையும் 63 விழுக்காடு வெள்ளீயம், 37 விழுக்காடு காரீயம் என்னும் அளவில் கலந்தால், கிடைக்கும் கலவை இரண்டையும்விடக் குறைந்த வெப்பநிலையான 183 பாகையிலேயே உருகிவிடும். மேலும் அது கூழ்போன்ற இடைநிலை எதுவுமின்றி, அந்த ஒரே வெப்பநிலையில் திண்மத்திலிருந்து நீர்மமாகவும், குளிரும்போது நீர்மத்திலிருந்து திண்மமாகவும் மாறும். பற்றவைக்கும்போது கை சற்றே நடுங்கினாலும் இணைப்பு கெடும் வாய்ப்பு இதனால் குறைகிறது. 60க்கு 40 என்னும் கலவை 183 முதல் ஏறத்தாழ 190 பாகை வரையிலான இடைவெளியில் உருகும். இதுவும் மிகப் பரவலாகப் பயன்பட்டது.

காரீயம் வெள்ளீயத்தைவிட மலிவானது. அது உருகிய கலவையின் பரப்பு இழுவிசையைக் குறைத்து நன்கு பரவச் செய்கிறது. இணைப்புக்கு மென்மையையும் பளபளப்பையும் தருகிறது. இத்தனை வசதிகள் இருந்ததாலேயே, அதன் நச்சுத்தன்மை அறியப்பட்டிருந்தும் மின்னணுத் துறை அதை நெடுங்காலம் கைவிடவில்லை.

காரீயம் விலக்கப்பட்டதன் காரணம்

காரீயத்திற்கு மனித உடலில் பயனுள்ள பணி எதுவும் இல்லை. அது உடலில் சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எலும்புகளில் பல ஆண்டுகள் தங்குகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றை உண்டாக்குகிறது. தீங்கற்றது என்று கொள்ளத்தக்க காரீய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடாகும்.

பற்றவைக்கும்போது எழும் புகையில்தான் காரீயம் வருகிறது என்று பலர் கருதுகின்றனர். இது பெரும்பாலும் தவறு. பற்றவைப்புக் கோலின் வெப்பநிலையில் காரீயம் ஆவியாகும் அளவு மிகச் சொற்பம். கண்ணுக்குத் தெரியும் புகை இளக்கி எரிவதால் உண்டாவது. காரீயம் உடலுக்குள் செல்லும் முதன்மையான வழி வாய் ஆகும். கம்பியைப் பிடித்த விரல்களால் உணவு உண்பது, கம்பியைப் பற்களிடையே கவ்விக்கொள்வது, மேசையில் சிதறிய துகள்கள் தூசியோடு கலப்பது ஆகியவற்றால் இது நிகழ்கிறது. வீட்டின் ஒரு பகுதியிலேயே வேலை நடக்கும் இடங்களில், தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்கே ஆபத்து மிகுதி.

கருவிகள் பழுதாகி எறியப்பட்ட பின்னரும் காரீயம் மறைவதில்லை. தில்லியின் சீலாம்பூர் போன்ற இடங்களில் பழைய மின்சுற்றுப் பலகைகளை அடுப்பில் வாட்டி உறுப்புகளைக் கழற்றும் முறைசாராத் தொழில் பல ஆண்டுகளாக நடந்துவருவது நன்கு அறியப்பட்டது. அவ்வாறு வாட்டும்போது உருகி வழியும் பற்றாசு மண்ணிலும் சாம்பலிலும் கலக்கிறது. உற்பத்தியிலேயே காரீயத்தைத் தவிர்க்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற இத்தகைய கழிவே முக்கிய காரணமாகும்.

சட்டங்களும் விதிவிலக்குகளும்

* அமெரிக்காவில் குடிநீர்க் குழாய் இணைப்புகளில் காரீயப் பற்றாசு பயன்படுத்துவது 1986ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. இது மின்னணுப் பொருள்களுக்குப் பொருந்தவில்லை.
* ஜப்பானிய நிறுவனங்கள் சட்டம் வருமுன்னரே மாற்றத்தைத் தொடங்கின. பானசோனிக் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் காரீயமற்ற பற்றாசு கொண்ட சிறுவட்டு இசைக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.
* ஐரோப்பிய ஒன்றியத்தின் தீங்குப்பொருள் கட்டுப்பாட்டு ஆணை 2006 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே கருவிகளிலும் கம்பிச் சுருள்களிலும் காணப்படும் ரோஸ் என்னும் குறியாகும். 2011ஆம் ஆண்டில் இதற்குப் பதிலாகப் புதிய ஆணை இயற்றப்பட்டது.
* இந்தியாவில் மின்கழிவு விதிகள் 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டு, 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தீங்குப்பொருள்களைக் குறைப்பதற்கு உற்பத்தியாளருக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தரப்பட்டன. இவ்விதிகளுக்குப் பதிலாக 2016ஆம் ஆண்டிலும், பின்னர் 2022ஆம் ஆண்டிலும் புதிய விதிகள் இயற்றப்பட்டன. 2022ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

ஐரோப்பிய, இந்திய விதிகள் இரண்டிலும் காரீயத்தின் உச்ச அளவு, கருவியிலுள்ள ஒவ்வொரு சீரான பொருளின் எடையிலும் 0.1 விழுக்காடு ஆகும். இங்குச் சீரான பொருள் என்பது முக்கியமானது. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் மொத்த எடையோடு ஒப்பிட்டு அதன் காரீயம் குறைவே என்று கூற முடியாது. அதிலுள்ள பற்றாசைத் தனியே எடுத்து அளந்தாலும் வரம்புக்குள் இருத்தல் வேண்டும்.

சில பயன்பாடுகளுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பிய ஆணை படைத்துறைக் கருவிகளையும் விண்வெளிக்கு அனுப்பப்படும் கருவிகளையும் கட்டுப்படுத்துவதில்லை. ஓரிடத்தில் நிலையாகப் பொருத்தப்படும் சூரிய மின்பலகைகளும் அதற்கு உட்படா. சூரிய மின்கலங்களை இணைக்கும் செப்புப் பட்டைகளின்மீது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசைப் பூசுவது பரவலான வழக்கமாகும்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இம்மாற்றம் முதலில் பெருமளவில் நிகழ்ந்தது தொழிற்சாலைகளிலேயே எனலாம். திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கி 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஐரோப்பியக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததும் அதே 2006ஆம் ஆண்டுதான். உலகச் சந்தைக்காகக் கருவிகள் செய்யும் ஆலைகளுக்குக் காரீயமற்ற பற்றாசு கட்டாயத் தேவையாயிற்று. ஆலைகளில் இது பெரும்பாலும் கம்பியாக அன்றி, பலகையில் அச்சிட்டு உலையில் உருக்கப்படும் பசையாகவே பயன்படுகிறது.

பழுது பார்க்கும் கடைகளின் நிலை வேறு. சென்னை ரிச்சி தெரு போன்ற பெரிய மின்னணுச் சந்தைகளில் பலவகைக் கலவைகள் கிடைக்கும். சிற்றூர்க் கடையில் ஓரிரு வகைகளே இருக்கும். சுருளின் மேலுறை கிழிந்து, கம்பியை நீளக் கணக்கில் வெட்டி விற்பதும் உண்டு. அப்போது கலவை எதுவென்று அறியும் வழியே இல்லாது போகிறது. ஆகவே தேர்வின் முதற்படி, உறைச்சீட்டோடு கூடிய முழுச் சுருளை வாங்குவதாகும்.

முக்கியக் கலவைகள்

கம்பி வடிவில் கிடைக்கும் காரீயமற்ற கலவைகளுள் குறிப்பிடத்தக்கவை பின்வருமாறு. ஒப்பிடுவதற்காகக் காரீயக் கலவையின் உருகுநிலை 183 பாகை என்பதை நினைவிற்கொள்க.

* வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செப்பு 0.5 விழுக்காடு: சுருக்கமாக சாக் 305 எனப்படும். உருகுநிலை 217 முதல் 220 பாகை. நன்கு நனைக்கும். வெள்ளி சேர்வதால் விலை மிகுதி. 100 கிராம் சுருளில் 3 கிராம் வெள்ளி உண்டு.
* வெள்ளீயம் 99, வெள்ளி 0.3, செப்பு 0.7 விழுக்காடு: சாக் 0307 எனப்படும். உருகுநிலை ஏறத்தாழ 217 முதல் 227 பாகை. வெள்ளி குறைவாதலின் விலை குறைவு. உருகும் இடைவெளி அகலமானது.
* வெள்ளீயம் 99.3, செப்பு 0.7 விழுக்காடு: உருகுநிலை 227 பாகை. வெள்ளி இல்லாததால் மலிவானது. சாக் 305 அளவுக்கு விரைவாக நனைக்காது.
* மேற்கூறிய கலவையோடு ஏறத்தாழ 0.05 விழுக்காடு நிக்கலும் மிகச் சிறிதளவு செருமேனியமும் சேர்ந்தது: ஜப்பானின் நிகோன் சுப்பீரியர் நிறுவனம் உருவாக்கியது. உருகுநிலை ஏறத்தாழ 227 பாகை. நிக்கல் சேர்வதால் இணைப்பு வழவழப்பாக அமைகிறது.
* வெள்ளீயம் 42, பிசுமத் 58 விழுக்காடு: உருகுநிலை 138 பாகை மட்டுமே. வெப்பம் தாங்காத உறுப்புகளுக்கு ஏற்றது. நொறுங்கும் தன்மை உடையதாதலின் கம்பியாக இழுப்பது கடினம். பெரும்பாலும் பசையாகவே கிடைக்கிறது. அதிர்ச்சிக்கு உள்ளாகும் இணைப்புகளுக்கு ஏற்றதன்று.

வெள்ளீயம், வெள்ளி, செப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த கலவைக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1996ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. மின்னணு ஆலைகளில் மிகப் பரவலாக வழங்குவது இம்மூன்று உலோகக் குடும்பமே.

கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

உறைச்சீட்டைப் படித்தல்

உறைச்சீட்டில் உலோகங்கள் அவற்றின் இலத்தீன் பெயர்களின் குறியீட்டால் குறிக்கப்படும். வெள்ளீயத்திற்கு எஸ்.என்., காரீயத்திற்குப் பி.பி., வெள்ளிக்கு ஏ.ஜி., செப்புக்குச் சி.யு., பிசுமத்துக்குப் பி.ஐ. ஆகியவை குறியீடுகள். குறியீட்டை அடுத்துவரும் எண் விழுக்காட்டைக் குறிக்கும். 60/40 அல்லது 63/37 என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தால் அது காரீயம் கலந்த கம்பி என்றே கொள்ள வேண்டும். வட்டத்துக்குள் பி.பி. என எழுதி அதன்மீது கோடு அடித்திருப்பது காரீயமற்றது என்பதற்கான குறி. இக்குறி மட்டும் இருந்து கலவையின் விழுக்காடு இல்லாத சுருளைத் தவிர்ப்பது நன்று. உருகுநிலையை அறியாமல் கோலின் வெப்பத்தை முடிவு செய்ய இயலாது.

உறைச்சீட்டு இல்லாத கம்பியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய கோலை 200 பாகையில் வைத்துக் கம்பியைத் தொட வேண்டும். காரீயக் கலவை 183 முதல் 190 பாகைக்குள் உருகுவதால் எளிதில் உருகிவிடும். சாக் வகைகளும் செப்புக் கலவையும் 217 பாகைக்குக் கீழ் உருகா. பிசுமத் கலவையும் 200 பாகையில் உருகும் என்பதால், உருகியதெல்லாம் காரீயம் என்று இச்சோதனை கூறாது. உருகாதது வழக்கமான காரீயக் கம்பி அன்று என்பதையே அது காட்டும். பளபளப்பைப் பார்த்து முடிவு செய்வது நம்பத்தக்கதன்று.

கலவை

மாணவரும் பொழுதுபோக்காகச் செய்வோரும் முதன்முதலாக வாங்குவதற்குச் சாக் 305 ஏற்றது. காரீயக் கம்பியோடு ஒப்பிட்டால் அதன் உருகுநிலை வேறுபாடு 34 பாகையே. செலவைக் குறைக்க விரும்புவோர், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் நல்ல கோல் வைத்திருப்பாராயின், நிக்கல் சேர்ந்த செப்புக் கலவையைத் தேர்ந்தெடுக்கலாம். நிக்கல் சேராத, பெயர் தெரியாத மலிவுக் கம்பியில் தொடங்குவோர் நனையாத இணைப்புகளைக் கண்டு, குற்றம் தம் கையில்தான் என்று எண்ணிவிடக்கூடும்.

விட்டம்

* 0.5 மி.மீ.: பலகையின் பரப்பிலேயே ஒட்டப்படும் சிறு உறுப்புகளுக்கு.
* 0.7 முதல் 0.8 மி.மீ.: துளைவழிப் பொருத்தும் மின்தடை, மின்தேக்கி, திரிதடையம் ஆகியவற்றுக்கு. ஒரே சுருள் வாங்குவோர்க்கு இதுவே ஏற்றது. இந்தியக் கடைகளில் 22 கேஜ் எனப்படுவது ஏறத்தாழ 0.71 மி.மீ. ஆகும்.
* 1.0 முதல் 1.2 மி.மீ.: தடித்த கம்பிகள், மின்கல முனைகள், நிலைமாற்றிகளுக்கு. 18 கேஜ் என்பது ஏறத்தாழ 1.22 மி.மீ.

காரீயமற்ற கம்பி அடர்த்தி குறைந்தது. 63/37 கலவையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 8.4 கிராம்; சாக் 305 கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 7.4 கிராம். ஆகவே ஒரே எடையும் விட்டமும் உள்ள சுருள்களுள் காரீயமற்றது எட்டில் ஒரு பங்கு கூடுதல் நீளம் உடையதாக இருக்கும். விலையை எடையளவில் ஒப்பிடுவோர் இதனையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

இளக்கி

மின்னணு வேலைக்குப் பைன் மரப் பிசினிலிருந்து பெறப்படும் ரோசின் வகை இளக்கியோ, துடைக்கத் தேவையில்லாத வகை இளக்கியோ கொண்ட கம்பியே ஏற்றது. குழாய் வேலைக்கும் தகர வேலைக்கும் விற்கப்படும் துத்தநாகக் குளோரைடு போன்ற அமில இளக்கியைச் சுற்றுப்பலகையில் ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது ஈரத்தை ஈர்த்து, நாளடைவில் செப்புத் தடங்களை அரித்துவிடும்.

உறைச்சீட்டில் ஆர்.ஓ.எல்.0, ஆர்.ஓ.எல்.1, ஆர்.ஓ.எம்.1 போன்ற குறிகள் காணப்படலாம். முதலிரண்டு எழுத்துகள் ரோசினைக் குறிக்கும். மூன்றாவது எழுத்து இளக்கியின் வீரியத்தைக் குறிக்கும். எல் குறைவு, எம் நடுத்தரம், எச் மிகுதி. இறுதி எண் 0 எனில் அதில் ஆலைடு சேர்மங்கள் இல்லை அல்லது மிகச் சொற்பம். 1 எனில் உண்டு. காரீயமற்ற கலவை நனைக்கத் தயங்குவதால், எடையில் 2 முதல் 3 விழுக்காடு அளவுக்கு இளக்கி உள்ள கம்பி பொருத்தமானது.

சிற்றூர்ச் சூழலில் தேர்வு

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரி நிலப்பகுதியில் அமைந்த எம். ரெட்டியபட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இத்தகைய ஊரில் பழுது பார்க்க வருபவை பெரும்பாலும் ஒளியுமிழ் இருமுனைய விளக்குகள், கைப்பேசி மின்னேற்றிகள், மின்விசிறிகள், மின்கலத்தால் இயங்கும் மருந்து தெளிப்பான்கள் போன்றவை. கையில் இருப்பது வெப்பக் கட்டுப்பாடு இல்லாத 25 வாட் கோலாக இருக்கக்கூடும்.

இங்கு மின்னழுத்தம் முதன்மையான கேள்வியாகிறது. கோலின் வெப்பத்திறன் மின்னழுத்தத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் மாறும். 230 வோல்ட்டுக்கு ஏற்ற 25 வாட் கோல், மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறையும் நேரத்தில் ஏறத்தாழ 19 வாட் மட்டுமே தரும். காரீயக் கம்பிக்குப் போதுமாயிருந்த கோல் காரீயமற்ற கம்பிக்குப் போதாமற் போவது இதனாலேயே. ஒளியுமிழ் விளக்கின் உட்பலகைக்கு அலுமினிய அடித்தளம் இருப்பின் சிக்கல் மேலும் கூடும். தரும் வெப்பத்தை அந்த அலுமினியம் உறிஞ்சிவிடும்.

ஆகவே காரீயமற்ற கம்பிக்கு மாறுவோர் கம்பியோடு கோலையும் மாற்றத் திட்டமிடுதல் வேண்டும். வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் 60 வாட் அளவிலான கோல் பொதுவான வேலைகளுக்குப் போதுமானது. அதனை வாங்க இயலாத நிலையில், காரீயமற்ற கம்பியைக் கொண்டு அரைகுறையாக நனைந்த இணைப்புகளைச் செய்வதைவிட, உறைச்சீட்டு உள்ள காரீயக் கம்பியைக் கைகழுவும் ஒழுக்கத்தோடு பயன்படுத்துவது நடைமுறைக்கு ஏற்றது என்று கருதுவோரும் உளர். குழந்தைகள் உள்ள வீட்டிலும் பள்ளி ஆய்வகத்திலும் இவ்வாதம் பொருந்தாது. அங்குக் காரீயமற்ற கம்பியே பாதுகாப்பானது.

அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்னுற்பத்தி நிலையம் 2016ஆம் ஆண்டில் அமைந்தது. இவ்வறண்ட வட்டாரத்தில் சூரிய மின்பலகைகளின் பயன்பாடு பெருகிவருகிறது. உடைந்த சூரியப் பலகை ஒன்றைப் பிரிப்போர், அதன் பட்டைகளில் காரீயம் இருப்பதாகவே கொண்டு செயற்பட வேண்டும். 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் சூரியப் பலகைகளையும் உள்ளடக்கியவை.

வேலை முறையில் வேறுபாடுகள்

காரீயக் கம்பிக்குக் கோல்முனை 300 முதல் 350 பாகை வரை இருந்தால் போதும். காரீயமற்றதற்கு 340 முதல் 380 பாகை வரை தேவைப்படலாம். வெப்பத்தை 400 பாகைக்கு மேல் உயர்த்துவது தீர்வாகாது. இளக்கி தன் வேலையை முடிக்குமுன் எரிந்துவிடும், பலகையிலிருந்து செப்புத் தடம் பெயரும். வெப்பத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக அகன்ற முனையைப் பயன்படுத்துவது நல்லது. கூரிய ஊசிமுனை வெப்பத்தைப் போதிய அளவு கடத்தாது.

முனையை உறுப்பின் காலும் செப்புத் திட்டும் ஒருசேரத் தொடுமாறு வைத்து, ஓரிரு நொடிகள் கழித்துக் கம்பியை இணைப்பின்மீது ஊட்ட வேண்டும். கம்பியை முனையிலேயே உருக்கி எடுத்துச் சென்று அப்பினால் இளக்கி வழியிலேயே எரிந்துபோகும்.

வெள்ளீயம் மிகுந்த கலவை கோல்முனையின் இரும்புப் பூச்சை விரைவாகக் கரைக்கிறது. எனவே வேலையில்லாத நேரத்தில் கோலை அணைத்துவிட வேண்டும். அணைக்குமுன் முனையில் சிறிது பற்றாசு பூசி வைத்தல் அதனைக் காக்கும். துடைப்பதற்கு ஈரப் பஞ்சைவிடப் பித்தளைச் சுருள் நாரே ஏற்றது.

முடிந்த இணைப்பு மங்கலாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் தோன்றலாம். காரீயக் கம்பியில் இது இணைப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளம். காரீயமற்ற கம்பியில் இது இயல்பே. இங்குப் பார்க்க வேண்டியது பளபளப்பை அன்று. பற்றாசு காலின்மீது ஏறியும் செப்புத் திட்டின்மீது விரிந்தும் உட்குழிந்த சரிவாக அமைந்துள்ளதா என்பதையே. உருண்டையாகத் திரண்டு நின்றால் அது நனையாத இணைப்பாகும்.

பழைய கருவிகளைப் பழுது பார்த்தல்

2006ஆம் ஆண்டுக்கு முந்திய வானொலி, தொலைக்காட்சி, ஒலிபெருக்கி முதலியவற்றில் காரீயப் பற்றாசே இருக்கும் எனக் கொள்ளலாம். பழைய பற்றாசை உறிஞ்சி எடுத்தபின் புதியதை இடுவதே முறை. இரண்டும் சிறிதளவு கலந்தால் இணைப்பு உடனே கெட்டுவிடாது. ஆயினும் கலவையின் உருகுநிலை உறுதியற்றதாகிறது. அக்கருவியைக் காரீயமற்றது என்று கூறவும் இயலாது.

பிசுமத் கலவையில் மட்டும் இக்கலப்பு உண்மையாகவே ஆபத்தானது. பிசுமத், காரீயம், வெள்ளீயம் மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 96 பாகையிலேயே உருகும் கலவை உண்டாகும். வெப்பமுறும் கருவியில் அத்தகைய இணைப்பு தானாகவே தளர்ந்துவிடலாம்.

இருவகைக் கம்பிகளையும் வைத்திருப்போர் சுருள்களில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தலும், ஒவ்வொன்றுக்கும் தனி முனையைப் பயன்படுத்தலும் நன்று.

புகையும் தூய்மையும்

காரீயமற்ற கம்பியின் புகை தீங்கற்றது என்பது பரவலான தவறான கருத்து. புகை இளக்கியிலிருந்து வருவதாதலின், கம்பியில் காரீயம் இல்லாததால் அது குறைவதில்லை. காரீயமற்ற கம்பியில் இளக்கியும் வெப்பநிலையும் கூடுதலாக இருப்பின் புகையும் கூடலாம். ரோசின் புகையைத் தொடர்ந்து சுவாசிப்போருக்குத் தொழில்சார் ஆசுத்துமா ஏற்படுவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. ஒருமுறை இந்நோய் வந்தவருக்குப் பின்னர் மிகச் சிறிதளவு புகையும் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும்.

* முகத்தைப் பலகைக்கு நேர் மேலே வைக்காமல் சற்றுத் தள்ளி அமர வேண்டும். புகையை வாயால் ஊதித் தள்ளுவதற்கு முன் அதனை உள்ளிழுக்க நேரும்.
* சிறு மின்விசிறியைப் பக்கவாட்டில் வைத்து, புகையைத் தம்மிடமிருந்து இழுத்துச் சன்னல் பக்கம் வெளியேற்றுமாறு திருப்பி வைக்கலாம். நேராக வீசும் காற்று இணைப்பைக் குளிர்வித்துவிடும்.
* எவ்வகைக் கம்பியானாலும் வேலைக்குப் பின்னும் உண்பதற்கு முன்னும் சோப்பால் கைகழுவ வேண்டும்.
* சமைக்கும், உண்ணும் மேசையில் பற்றவைக்கலாகாது. மேசையை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.
* உறிஞ்சி எடுத்த பற்றாசையும் வெட்டிய கால்துண்டுகளையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, மின்கழிவு சேகரிப்போரிடம் தர வேண்டும். குப்பையோடு எரித்தலோ நிலத்தில் கொட்டுதலோ கூடாது.

குறைபாடுகள்

தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரினும் மெல்லிய உலோக இழைகள் தாமாகவே வளர்வது உண்டு. இவற்றை வெள்ளீய மீசைகள் என்பர். இவை அருகிலுள்ள கால்களைத் தொட்டுக் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். வெள்ளீயத்தோடு சேர்ந்த காரீயம் இவ்வளர்ச்சியைப் பெரிதும் தடுத்து வந்தது. விண்வெளி, படைத்துறைக் கருவிகளில் காரீயம் தொடர்வதற்கு இது ஒரு காரணம். வீட்டுக் கருவிகளின் பழுதுபார்ப்பில் இது அரிதாகவே பொருட்படுத்தப்படுகிறது.

தூய வெள்ளீயம் 13 பாகைக்குக் கீழே நெடுங்காலம் இருந்தால் சாம்பல்நிறத் தூளாக மாறக்கூடும். தென் தமிழ்நாட்டுச் சமவெளியின் வெப்பத்தில் இக்குறைபாட்டுக்கு இடமில்லை.

வெள்ளியின் விலையும் கூடுதல் வெப்பத்திற்காகும் மின்செலவும் காரீயமற்ற பற்றாசின் பிற குறைகள். வெள்ளி, வெள்ளீயம் ஆகியவற்றைத் தோண்டியெடுப்பதும் சுற்றுச்சூழலுக்குச் சுமையே. எனினும் இக்குறைகளைக் கலவை மாற்றத்தாலும் நல்ல கோலாலும் பழக்கத்தாலும் குறைத்துக்கொள்ள முடிகிறது. உடலில் ஒருமுறை படிந்த காரீயத்தையோ, அதனால் குழந்தைக்கு ஏற்பட்ட மூளைப் பாதிப்பையோ அவ்வாறு திருத்திக்கொள்ள இயலாது.